அரசு வீடு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி வட்டாரங்களில் வீட்டுக்கும் மனைக்கும் மனு எழுதித் தரும் வேலையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சில நடைமுறை சார்ந்தவை. சில "ஏன் இப்படி?" என்று கேட்பவை. இரண்டாவது வகைக்கும் பதில் தெரிந்தால்தான் மனுவை எங்கே கொடுப்பது, எதை அழுத்திக் கேட்பது என்பது புரியும். அரசு வீடு என்பதை எல்லோரும் பணப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது நிலப் பிரச்சினை என்பதே என் முடிவு.

கிராமத்தில் வீடு கட்ட இப்போது என்ன திட்டங்கள் இருக்கின்றன?

முக்கியமாக இரண்டு. ஒன்று, பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டம். 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமே 2016இல் மாற்றியமைக்கப்பட்டு இந்தப் பெயருக்கு வந்தது. இரண்டாவது, 2024-25 பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம். 2030க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் என்பது அதன் இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வேறு ஏற்பாடு. அங்கே பிரதமரின் நகர்ப்புறத் திட்டத்தில், சொந்த மனை இருப்பவருக்கு மானியமாகவும் இல்லாதவருக்கு அடுக்குமாடி வீடாகவும் உதவி கிடைத்து வந்திருக்கிறது.

3.50 லட்சத்தில் வீடு கட்டி முடிக்க முடியுமா?

கணக்கைப் பாருங்கள். 3.50 லட்சத்தை 360ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 970 ரூபாய். எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள், இதைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் சொல்வார். குடும்பமே சித்தாள் வேலை பார்த்து, பழைய கதவு ஜன்னலைப் பொருத்தி, உள்பூச்சைத் தள்ளிப்போட்டால் இடைவெளி குறையும். மறையாது.

இடைவெளியை நிரப்புவது கடன். பெண்ணின் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போகிறது. மகளிர் குழுக் கடன், அதற்கு மேல் வாரத் தவணைக் கடன். வீடு கட்டியதால் ஏழ்மை கூடிய குடும்பங்களை அறிவேன். மானியத்தொகை அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, நிறைவு என்று கட்டம் கட்டமாக வருகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் கைக்காசில் முடித்து, ஓவர்சியர் வந்து படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே பணம் வரும். அடித்தளத்துக்கு வானம் தோண்டக்கூடக் கையில் காசில்லாதவருக்கு, அந்தக் காத்திருப்புக் காலத்தின் வட்டியையும் வீட்டின் விலையில் சேர்க்க வேண்டும். எந்த அரசு மதிப்பீட்டிலும் அந்த வரி கிடையாது.

மணல் விலையும் இங்கே தனிக் கணக்கு. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. ஆற்றைக் காப்பாற்ற அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மணலுக்கு மாற்றாக ஏழைக்குக் கட்டுபடியாகும் விலையில் எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கிடைக்கும்படி செய்யும் பொறுப்பை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றுக்கான விலையை குடிசைக்காரர் தலையில் வைத்தது சரியில்லை.

"பட்டா இருந்தால் வீடு தருகிறோம்" என்கிறார்கள். பட்டா இல்லாதவர் என்ன செய்வது?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க்கேள்வி.

வீட்டு மானியம் யாருக்குக் கிடைக்கும் என்று விதிகள் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. மிகவும் வறியவருக்கு முன்னுரிமை என்பது விதி. ஆனால் மிகவும் வறியவர் குடியிருப்பது ஓடைப் புறம்போக்கில், குளத்தங்கரையில், வாய்க்கால் ஓரத்தில், கோயில் நிலத்தில். அங்கே வீடு கட்ட உத்தரவு தர முடியாது. ஆகவே பட்டியலில் முதலில் இருப்பவரைத் தாண்டி, கையில் பட்டா வைத்திருக்கும் பத்தாவது பெயருக்கு உத்தரவு போகிறது. அதிகாரி சட்டப்படிதான் நடக்கிறார். அந்தச் சட்டப்படியான நடையிலேயே ஏழை விடுபட்டுப் போகிறார்.

நெல்லைச் சீமையில் இது ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதற்கு நில அமைப்பைப் பார்க்க வேண்டும். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்கள் பாயும் ஊர்களில் நத்தத்தை, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தை, சுற்றி நான்கு பக்கமும் வயல். அந்த வயலில் கணிசமான பகுதி கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் நாற்று நட்ட கூலிக் குடும்பத்துக்கு விரிவதற்கு இடமே கிடையாது. ஒரே நத்த மனையில் அண்ணன் தம்பி மூவரும் தட்டி வைத்து மறைத்துக் குடியிருப்பார்கள். பட்டா இறந்துபோன ஆச்சியின் பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றும் பங்குப் பத்திரமும் இல்லாமல் மூவரில் ஒருவருக்கும் வீடு வராது.

தெற்கே ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் தேரிக்காடும் புஞ்சையுமாக நிலம் அகன்று கிடக்கிறது. அங்கே காற்றாலைகள் வந்த பிறகு நிலத்தின் விலை வேறு. தவிர, மனை கிடைத்தாலும் குடிநீர் கிடைக்காது.

செய்யக்கூடியது என்ன? முதலில், நீங்கள் குடியிருக்கும் இடத்தின் வகையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அறியுங்கள். நத்தமாக இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா கேட்கலாம். நீர்நிலை போன்ற பொதுத் தேவைக்கு ஒதுக்கப்படாத, ஆட்சேபணையற்ற புறம்போக்காக இருந்தால் வரன்முறை செய்யக் கேட்கலாம். வரி ரசீது, மின் கட்டண அட்டை, பழைய குடும்ப அட்டை, ஆக்கிரமிப்பு என்று எப்போதோ கொடுக்கப்பட்ட பி மெமோ எல்லாம் அங்கே எத்தனை காலம் இருந்தீர்கள் என்பதற்குச் சான்று. பி மெமோவைப் பயந்து கிழித்துப் போட்டவர்கள் பலர். அதைச் செய்யாதீர்கள். ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயமான ஜமாபந்தியில் மனு கொடுங்கள். திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். கொடுத்த மனுவின் எண்ணை எழுதி வையுங்கள். 2025 பிப்ரவரியில், நீண்டகாலமாக ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. அதில் நெல்லை நகரப் பகுதியும் அடங்கும்.

குளம், ஓடை, ஆற்றங்கரை என்றால் பட்டா கிடைக்காது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறும் குளங்களும் என்ன செய்தன என்பதைப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பவும் மாட்டார்கள். அவர்கள் கேட்பது மாற்று மனை. பக்கத்திலேயே, பிள்ளைகளின் பள்ளிக்கும் வேலைக்கும் நடந்து போகும் தூரத்தில். அந்த மனையை அரசு விலை கொடுத்து வாங்க வேண்டும். கான்கிரீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை மனை வாங்குவதற்கு ஒதுக்கினால் இந்த மாவட்டத்தின் வீட்டுப் பிரச்சினையில் பாதி தீரும் என்று நம்புகிறேன்.

என் குடிசை ஒழுகுகிறது. மாடிவீட்டுக்காரருக்கு வீடு வந்திருக்கிறது. இது எப்படி?

மத்தியத் திட்டத்தின் மூலப் பட்டியல் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கணக்கெடுப்பு வந்த நாளில் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போயிருந்தவர் விடுபட்டார். அன்று குடிசையில் இருந்தவர் அதன்பின் மாடி கட்டியிருந்தாலும் பெயர் பட்டியலிலேயே இருந்தது. விடுபட்டவர்களைச் சேர்க்கப் பின்னர் ஒரு கூடுதல் பட்டியல் எடுத்தார்கள்.

விலக்கு விதிகளும் இருந்தன. இருசக்கர வாகனம், இயந்திரப் படகு இருந்தால் தகுதி இல்லை என்று நீண்டகாலம் இருந்தது. உவரியிலும் கூத்தங்குழியிலும் கடலுக்குப் போகிறவரின் படகை வசதியின் அடையாளம் என்று எண்ணியவர்கள் கடற்கரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2024இல் அந்த இரண்டையும் நீக்கிவிட்டார்கள். மாத வருமான வரம்பும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது. முன்பு பைக் காரணமாகத் தள்ளப்பட்டவர்கள் மீண்டும் கேளுங்கள்.

பட்டியல் சரியா என்று பார்க்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாமல், வீட்டுப் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் தகுதியற்ற பெயர் ஊருக்கு முன்னால் நிற்காது.

இது பிரதமர் வீடா, முதலமைச்சர் வீடா?

மக்கள் பணத்தில் கட்டிய வீடு. ஆனாலும் பங்கைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தாமதம் ஆகும்போது ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

ஊரகத் திட்டத்தில் சமவெளிக்கு ஒரு வீட்டின் தொகை 1.20 லட்சம். மத்திய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு. அதாவது 72,000 ரூபாயும் 48,000 ரூபாயும். அந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட இயலாது என்பதால் தமிழக அரசு கூரைக்கென்று முதலில் 50,000 ரூபாய் கூடுதலாகத் தந்தது, பின்னர் அதை 1.20 லட்சமாக்கியது. மொத்தம் 2.40 லட்சம். கூட்டிப் பார்த்தால் மாநிலத்தின் பங்கு 1.68 லட்சம், மத்திய அரசின் பங்கு 72,000. இதற்கு மேல் கழிப்பறைக்கு 12,000 ரூபாயும், நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலியும் சேர்க்கப்பட்டன. சமவெளி முழுவதற்கும் ஒரே தொகை என்று தில்லியில் நிர்ணயித்து, அது 2016க்குப் பிறகு சிமெண்ட், கம்பி விலையோடு சேர்ந்து உயராமல் நின்றதுதான் இந்தக் குழப்பத்தின் வேர்.

ஆட்சி மாறினால் திட்டம் நின்றுவிடுமா?

பெயர் மாறும். 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. ஆறு ஆண்டுகளில் 21 லட்சம் குடிசைகள் என்றார்கள். 2011இல் ஆட்சி மாறியதும் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம், ஆண்டுக்கு 60,000 வீடுகள். 2021இல் மறுபடியும் ஆட்சி மாற்றம், 2024இல் கனவு இல்லம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் ஏறக்குறைய ஒரே குடும்பங்களைப் புதிதாகக் கணக்கெடுத்து, புதிய படிவம் நிரப்பி, புதிய விதியால் வடிகட்டினார்கள். கட்டாமல் விடுபட்டவர் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போனார். ஒரே ஒரு நிரந்தரப் பதிவேடு வைத்து, யார் ஆண்டாலும் அதிலிருந்து அடுத்த பெயரை எடுப்பது என்று ஆக்கியிருந்தால் எத்தனையோ ஓலைக்கூரைகள் இந்நேரம் மாறியிருக்கும். வாசலில் பதிக்கும் பெயர்ப்பலகை எந்தக் கட்சியுடையது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பதிவேடு தொடர வேண்டும்.

வீட்டைக் காட்டி வாக்குக் கேட்பது தவறா என்றும் கேட்கிறார்கள். செய்ததைச் சொல்லிக் கேட்பது ஜனநாயகம். "எனக்குப் போடாவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவேன்" என்று ஊர்ப் பெரியவர் மிரட்டுவது குற்றம். ஒருமுறை வந்த உத்தரவை அப்படி எடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை.

ஆதிதிராவிடர் குடியிருப்புகள் ஏன் எப்போதும் ஊருக்கு வெளியிலேயே கட்டப்படுகின்றன?

நேர்மையாகச் சொன்னால், ஊருக்குள் நிலம் வைத்திருந்தவர்கள் கொடுக்கவில்லை, அரசும் ஊரை எதிர்த்து எடுக்கவில்லை. 1978இல் இதற்கென்றே தனியான நிலமெடுப்புச் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது. அதைக்கொண்டும் விலை மலிவான, மறுப்பு குறைந்த இடங்களையே தேடினார்கள். பள்ளமான நிலம், கால்வாயின் கடை, சாலை போகாத புஞ்சை. இப்படி அரசுப் பணமே பழைய பிரிவினையைக் காரை பூசி உறுதிப்படுத்தியது.

இதற்கு மறுப்பாக வந்ததுதான் சமத்துவபுரம். 1995இல் கொடியன்குளம், அதைத் தொடர்ந்து தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்கள் எல்லாம் அதற்குப் பின்னணி. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. பொது மண்டபம், பொது மயானம். எண்ணம் மிகப் பெரியது. ஆனால் சமத்துவபுரத்தையும் ஊரிலிருந்து தள்ளி, காலியாகக் கிடந்த இடத்தில்தான் கட்ட முடிந்தது. பஸ் வராத இடத்தில் வீடு கிடைத்தவர்களில் வசதி உள்ளவர் பூட்டிவிட்டுப் போனார்கள், போக இடமில்லாதவர் தங்கினார்கள். பழைய ஊரின் தெரு அப்படியே இருந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்து வீடு கொடுக்கும் துணிவு ஊருக்குள்ளேயே வர வேண்டும்.

பீடி சுற்றுகிறவர்களுக்குத் தனி வீட்டுத் திட்டம் இருந்ததே, என்ன ஆயிற்று?

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கேட்பது இது. மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் திட்டம் அது. 2016இல் திருத்தியபோது ஒரு வீட்டுக்கு 1.50 லட்சம் ரூபாய், மூன்று தவணைகளில். பீடி மீது விதித்த நலவரியிலிருந்து தொழிலாளர் நலநிதி நடந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரியை நீக்கினார்கள். தங்கள் உழைப்பின்மேல் விதித்த வரியில் தங்களுக்கு வந்துகொண்டிருந்த உரிமை, அதன்பின் பொது பட்ஜெட்டில் கேட்டு வாங்கும் உதவியாகிவிட்டது. தூசியில் உட்கார்ந்து சுற்றுகிற பெண்களுக்கு வீடுதான் தொழிற்கூடமும். அவர்களுக்குக் காற்றோட்டமுள்ள ஒரு முன்னறை கூடுதலாகத் தேவை என்பதை எந்த வரைபடமும் காணவில்லை. நலவாரிய அட்டை இருப்பவர்கள் பொதுத் திட்டங்களில் விண்ணப்பிக்கும்போது அதையும் இணையுங்கள்.

மாஞ்சோலை மக்களுக்கு வீடு கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

சிங்கம்பட்டி ஜமீன் காட்டை ஒரு தனியார் நிறுவனம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 2028இல் குத்தகை முடிகிறது. அதற்கு முன்பே 2024இல் தேயிலைத் தோட்டத்தை மூட ஏற்பாடானது. நான்கு தலைமுறையாக எஸ்டேட் லயன் வீட்டில் இருந்தவர்களுக்குச் சமவெளியில் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. ரெட்டியார்பட்டியில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளைத் தர அரசு முன்வந்தது.

தலைக்கு மேல் கூரை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிக்க மட்டுமே பழகிய ஐம்பது வயதுப் பெண் ரெட்டியார்பட்டியில் எந்த வேலைக்குப் போவார்? வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தவருக்கு, இரண்டையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும்.

அடுக்குமாடி கட்டினால் நிலம் மிச்சமாகுமே? சிங்கப்பூர் செய்திருக்கிறதே?

சிங்கப்பூரில் 1960இல் வீட்டு வாரியம் அமைத்தார்கள், 1966இல் நிலமெடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1968இல் சேமநிதிப் பணத்தில் வீடு வாங்க அனுமதித்தார்கள். மாதச் சம்பளமும் சேமநிதியும் எல்லோருக்கும் இருந்த நகரம் அது. ஆடு, கோழி, பனையேறும் தளவாடம், வள்ளத்து வலை எல்லாவற்றையும் மூன்றாம் மாடிக்கு ஏற்ற முடியாது. பராமரிப்புக் கட்டணமும் மாதாமாதம் வரும்.

நமக்கு அதிகம் பாடம் தருவது சிலி நாட்டின் இக்கீக்கே நகரம். அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மானியப் பணம் போதாது என்று தெரிந்ததும், கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அராவெனாவின் குழு நகருக்குள்ளேயே நிலத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் பாதியை மட்டும் கட்டிக் கொடுத்தது. அடித்தளம், சமையலறை, குளியலறை, படிக்கட்டு போன்ற கடினமான பகுதிகள் அரசுப் பணத்தில். மீதிப் பாதியைக் குடும்பங்கள் காசு வரும்போது கட்டிக்கொண்டன. நம் ஊரிலும் 300 சதுர அடி வீட்டின் முன்னால் தகரச் சாய்ப்பும், பின்னால் அடுப்படியும் தானாக முளைக்கின்றன. முதலிலேயே மாடி தாங்கும் அடித்தளமும், சாய்ப்பு இறக்க வசதியான சுவரும் இருக்கும்படி வரைபடம் தந்தால் அந்தச் செலவு வீணாகாது.

பழைய தொகுப்பு வீட்டின் கூரை பெயர்ந்து விழுகிறது. புது வீடு கேட்டால் "ஏற்கெனவே பயனடைந்தவர்" என்கிறார்கள்.

விதி அப்படித்தான். ஆனால் 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்கவும், பழுதுபார்க்க இயலாதவற்றை மீண்டும் கட்டவும் மாநில அரசு தனித் திட்டங்கள் அறிவித்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளை மறுபடி கட்ட 600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். யூனியன் ஆபீசில் "புது வீடு" என்று கேட்காமல் "மறுகட்டுமானம்" என்று எழுதிக் கேளுங்கள். கம்பி வெளியே தெரியும் கூரையின் படத்தை இணையுங்கள். அந்தக் கூரைக்கு அடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

உத்தரவு வாங்கித் தர 20,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. யாரிடமும் பாஸ்புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. ஒப்பந்தக்காரர் "நானே கட்டித் தருகிறேன்" என்றால், என்ன கலவை, எத்தனை கம்பி, எப்போது முடிப்பார் என்பதை எழுதி வாங்குங்கள்.

வீடு யார் பெயரில் இருக்க வேண்டும்? பின்னால் விற்கலாமா?

ஊரகத் திட்டத்தில் பெண் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்பதே பொது விதி. கணவனை இழந்தவர், தனித்து வாழ்பவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. பெண் பெயரில் இருப்பதையே வற்புறுத்துவேன். குடித்துவிட்டு அடமானம் வைக்க அதில் இடம் குறைவு.

இலவச மனைப் பட்டாவில் நிபந்தனைகள் அச்சிட்டிருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது, குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பவை அவற்றுள் வழக்கமானவை. வெற்றுத்தாளில் எழுதி விற்றால் வாங்கியவருக்கும் உரிமை வராது, விற்றவருக்கும் இனி எந்தத் திட்டத்திலும் வீடு வராது. மருத்துவச் செலவுக்காக விற்கும் நிலைக்கு வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா நகலைக் காட்டி, நிபந்தனைக் காலம் முடிந்ததா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.